சாதனம் இணைப்பில் இல்லை

முத்தையன்கட்டு இடதுகரையில்
கேதாரநாதன் அண்ணையின் வீட்டுக்கு
ஆறு கமெரா, ஒரு றவுட்டர், பதினொரு குமிழ்,
சொன்னால் கேட்கிற ஒரு கறுப்புப் பெட்டி.
எல்லாம் நான்தான் பூட்டினேன்.
அவர் நோர்வேயில்.
வீடு கட்டி மூன்று வருஷம்,
அதில் அவர் படுத்தது ஒன்பது இரவு.

மாலை ஆறரைக்குக் குமிழ்கள் தாங்களாக எரியும்.
ஆக்கள் இருக்கிறமாதிரி இருக்கும், கள்ளர் வராங்கள் என்றார்.
ஒழுங்கையில் மற்ற எல்லா வீட்டிலும்
ஆக்கள் இருக்கினம்.
அங்கேதான் இருட்டு,
கரண்ட் பில்லுக்குப் பயந்து.

முதல் மாதம் இரவு இரண்டு மணிக்கு என் போன் அடிக்கும்.
"படலையடியில் மனிதர் ஒருவர் எண்டு காட்டுது,
போய்ப் பார் பிள்ளை."
மனிதர் ஒருவர் மயிலாக இருந்தார்.
பிறகொருநாள் குரங்காக.
மார்கழியில் பின்மதில் விழுந்த இரவு
ஒன்றுமே வரவில்லை.
யானையை அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லைப் போல.
கலிபோர்னியாவில் மதிலுக்கு யானை வருவதில்லை.

வீட்டைப் பார்க்கிறவ பவளராணி அக்கா.
கூட்டித் துடைத்து, பூக்கண்டுக்குத் தண்ணீர் விட்டு,
போகும்போது பெட்டியைப் பார்த்து
"லைற்றை நூரடா" என்பா.
அதற்கு விளங்காது.
"விளக்கை அணைக்கவும்" என்று
செய்தி வாசிக்கிறமாதிரிச் சொல்லவேண்டும்.
இல்லையென்றால்
"மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை."
"புரியேல்லையாம்!
விளங்கேல்லை எண்டு சொல்லத் தெரியாததுக்கு
என்னத்தை விளங்கப்போகுது."

ஒருநாள் மாபிளைத் துடைத்துக்கொண்டிருக்க
முகட்டிலிருந்து அண்ணையின் குரல்:
"அந்த மூலை விடுபட்டுப்போச்சு, ராணி."
வாளி தட்டுப்பட்டுக் கவிழ்ந்தது.
பிறகு எனக்கு அக்கா சொன்னது இவ்வளவுதான்:
"முந்தி வளைவில சென்றி இருந்தது.
அவங்களும் பாத்துக்கொண்டுதான் இருந்தாங்கள்.
ஆனா மத்தியானம் நித்திரை கொள்ளுவாங்கள்."

ஒட்டுசுட்டான் கடையில் சனம் கேட்கும்,
நாங்கள் கதைக்கிறதைப் போன் ஒட்டுக்கேட்குதாமே, உண்மையோ?
எனக்குத் தெரியாது.
கிணறு வற்றியதை மனுசியிடம் மட்டும் சொன்ன வைகுந்தநாதருக்கு
பின்னேரமே நீர்ப்பம்பி விளம்பரம் வந்தது.
அவர் கோபப்படவில்லை.
"ஏழு வருஷம் கந்தோர் கந்தோராய்க் கடிதம் குடுத்தன்,
ஒருத்தனும் கேக்கேல்லை.
இது ஒருக்காச் சொல்லக் கேட்டிருக்கு.
விலைதான் கூட."

என்னைக் கேட்டால்?
நிபந்தனைகள் நாற்பத்திமூன்று பக்கம்.
கேதாரநாதன் அண்ணைக்காக நான்தான் "சம்மதம்" அழுத்தினேன்,
ஒரு வரி படிக்கவில்லை,
மழை இருட்டிக்கொண்டு வந்தது, ஏணி வெளியில் நின்றது.
பவளராணி அக்காவுக்கு
அழுத்த ஒரு பொத்தான்கூட இருக்கவில்லை.
இதை அப்போது நான் யோசிக்கவில்லை.
காசை எண்ணி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நேற்று விடிய காற்றும் மழையும்.
போன கரண்ட் பத்து மணிக்கு வந்துவிட்டது.
ஒன்றரைக்கு அண்ணையின் அழைப்பு:
"சாதனம் இணைப்பில் இல்லை எண்டு காட்டுது.
ஆறும் இல்லை. என்னெண்டு பார்."

ரெஸ்ரரையும் குறட்டையும் எடுத்துக்கொண்டு போனேன்.
றவுட்டரின் பிளக் சுவரிலிருந்து கழன்று
மேசையில் கிடந்தது,
வயர் அழகாகச் சுற்றி, ரப்பர் பாண்ட் போட்டு.
அக்கா ஹோலின் நடுவில், வெறும் மாபிளில்,
வாய் திறந்தபடி நித்திரை.
விடுபட்ட மூலையில் ஈரத்துணி.
மேலே விசிறி முழுவேகத்தில்.

போன் திரும்ப அடித்தது.
"என்ன பிரச்சினை பிள்ளை?"
"கரண்ட் இன்னும் வரேல்லை அண்ணை."
"எப்ப வருமாம்?"
அக்கா புரண்டு மற்றப்பக்கம் படுத்தா.
"நாலு மணியாகும் போல."
"அதென்ன அங்க ஒரு சத்தம், சுத்துறமாதிரி?"

"காத்து," என்றேன்.