நாற்பது கிராம்

எபனேசர் கப்பலில் சமையல்காரன்.
எந்தத் துறைமுகம் என்று எழுதவில்லை.
பிஸ்கட் டப்பாவில், பழைய காலுறைக்குள் சுருட்டி,
ஒரு மீன் அனுப்பியிருந்தான்.
தகர மீன். முதுகு நீலம், வயிறு வெள்ளி,
செவுள் இருக்கவேண்டிய இடத்தில் நகத்தளவு சிவப்பு.
"சால்மனுக்குச் செஞ்சது அக்கா. உப்புத் தண்ணில வீசுவாங்க.
நம்ம ஊர் மீனுக்குப் புரியுதா பாரு."

கம்பெனியில் தோல்வார் நிறுக்கும் தராசில் வைத்தேன்.
நாற்பது கிராம்.
விராலுக்கு நான் கட்டுகிற ரப்பர் தவளை
பன்னிரண்டைத் தாண்டாது.

சால்மனை டின்மேல் ஒட்டிய படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.
கடலை விட்டு ஏறிவருமாம்,
பிறந்த ஆற்றின் வாசனையைப் பிடித்துக்கொண்டு.
பாலாற்றில் பிறந்திருந்தால்
மணல் லாரியில் ஏறியிருக்கும்.

சனி இரவு. ராணிப்பேட்டையில் கரண்ட் இல்லை.
டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு
மும்முனைக் கொக்கியைக் கழற்றினேன்.
ஏரிக்குள் முள்வேலி, அல்லிக்கொடி, கோரை.
மூன்று முனையும் மூன்றோடு சம்பந்தம் பேசும்.
ஒற்றைக் கொக்கி போதும்;
அதுவும் வாலில் வேண்டாம், தலைப்பக்க வளையத்தில்,
பாதி உடம்புக்குமேல் எட்டாத நீளத்தில்.
எதிர்முள்ளைக் குறடால் நசுக்கினேன்.
முடிச்சுக்கு ஆறு சுற்று. எச்சில் தொட்டுத்தான் இழுக்கவேண்டும்,
உலர்ந்த நைலான் தன்னையே சுட்டுக்கொள்ளும்.
பதினோரு வருஷம் ஷூ மேல்தோல் தைக்கிறேன்,
ஊசி சூடேறினால் நூலுக்கு என்ன ஆகும் என்று
எனக்கு யாரும் சொல்லவேண்டாம்.

காவேரிப்பாக்கம் ஏரி. ஞாயிறு, ஐந்தே முக்கால்.
குத்தகைக்காரரின் ஆள் தணிகாசலம்
சைக்கிளைக் கரையில் சாய்த்துவிட்டு வந்தார்.
"இன்னாம்மா இது, கோயிலுக்குச் செலுத்துற
வெள்ளி உருவாட்டம்?"
வேண்டுதல்தான் என்றேன்.

வீசினேன்.
என் தவளை இதுவரை போகாத தூரம் போனது.
அல்லி தாண்டி, பட்டுப்போன வேலமரம் தாண்டி,
பரிசல்காரர்கள் மட்டும் போகிற கறுத்த தண்ணீரில்
விழுந்த சத்தம் தாமதமாக வந்தது.
ஒன்று, இரண்டு என்று எண்ணினேன்.
கடலுக்கு அளந்த எடை
ஏழாவது எண்ணில் சேற்றில் உட்கார்ந்தது.
அப்படியென்றால் ஆறு வரும்போதே சுற்றவேண்டும்.
ஆறு வரட்டும் என்று காத்திருக்க
எங்கள் ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

முப்பது வீச்சு. ஒன்றுமில்லை.
வெயில் முதுகில் ஏறியது.
கைசலித்து, மேலாகவே வேகமாகச் சுற்றிக் கொண்டுவந்தேன்.
கோரை ஓரத்தில் மிளகாய்த்தூள் கொட்டினதுபோல்
சிவப்பாய் ஒரு வட்டம் நுரைத்துக்கொண்டிருந்தது.
நான் பார்ப்பதற்குள் தகர மீன் அதன் நடுவில் புகுந்தது.

தண்ணீர் வெடித்தது.
கழி வளைந்தது, உடனே நிமிர்ந்தது.
மறுபடி ஒரு இடி. கொக்கியில் எதுவும் இல்லை.

"பார்ப்போட இருக்குது விரால்," என்றார் தணிகாசலம்.
"கடிக்கல. மண்டையால முட்டித் தள்ளுது.
பசின்னு நெனச்சியா?"

சிவப்பு வட்டம் கலைந்தது,
ஒரு மூச்சளவு காணாமல் போனது,
இரண்டு முழம் தள்ளி மறுபடி கூடியது.
அதன் அடியில் கறுப்பாய், என் கைநீளம்,
அசையாமல் ஒன்று.

கழியை மடக்கினேன்.
பெரிய மனசெல்லாம் இல்லை.
கால் நடுங்கியது, அவ்வளவுதான்.

இரவு எபனேசர் கூப்பிட்டான்.
சொன்னேன். கொஞ்சநேரம் இரைச்சல் மட்டும் கேட்டது,
இயந்திரமோ அலையோ.
"சால்மனும் ஆத்துல ஏறினா சாப்பிடாதாம் அக்கா.
ஆனா வீசினா கடிக்குமாம்.
ஏன்னு இங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

திங்கட்கிழமை மறுபடி தராசில் வைத்தேன்.
முப்பத்தெட்டு.
கொக்கி மாற்றியதில் குறைந்ததா,
பெயர்ந்துபோன நீலமா, தராசு சொல்லாது.
சூப்பர்வைசர் வருவதற்குள்
வார்க்கட்டை மேலே தூக்கி வைத்தேன்.