இடம் பிடித்தவர்கள்

கிளமெண்டி உணவங்காடியில்
மேசைமேல் ஒரு டிஷ்யூ பொட்டலம் கிடந்தால்
யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பொருள்.
ஆளில்லை; ஆனாலும் உட்கார்ந்திருக்கிறார்கள்.
தட்டேந்தி நிற்பவர்கள் அதை நகர்த்துவதில்லை.

வெங் கியோங்கின் வேலையும் அப்படித்தான்.
நானூறு கோர் கேட்டான்; கிடைத்தது.
பன்னிரண்டு ஓடுகிறது.
மிச்சம் முந்நூற்று எண்பத்தெட்டும்
பச்சை விளக்கோடு சும்மா சூடாகின்றன.

இரவு இரண்டு நாற்பது.
கெண்ட் ரிட்ஜ், சர்வர் அறைக்குப் பக்கத்து அறை.
காதுக்குள் யாரோ மழையை வைத்துத் தைத்ததுபோல் இரைச்சல்.
வரிசையில் அறுபத்து மூன்று பேர்.
பேர் என்றா சொன்னேன்,
தூங்கப் போய்விட்டவர்களின் அவசரங்கள்.

நாற்பத்தோராவது ஃபரிஸா.
கொசுப்பொறிக் கணக்கு:
எந்தப் புளோக், எந்த மாடி, பொறியில் எத்தனை.
ஆறு மணிக்குள் முடிந்தால்
மருந்தடிப்பவர்களுக்கு எங்கே போவதென்று தெரியும்.
முடியாவிட்டால்
போன வாரம் போன இடத்துக்கே போவார்கள்.

முன்பதிவில் கைவைக்க எனக்கு அதிகாரமில்லை.
ஆனால் ஒரு விதி இருக்கிறது:
அவசரத்துக்கு இடம் வேண்டுமென்றால்
கடைசித் தட்டில் ஓடும் வேலையைக்
கேட்காமல் எழுப்பிவிடலாம்.
இரண்டு வருடம் முன்பு நான் எழுதியது.
பதினொரு வரி.
கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள்.

'அவசரம்' என்று குறியிட்டேன்.
அரை நொடி.
கிளஸ்டர் ஒரு பெயரைத் தேர்ந்தது:
ப. செங்கமலம்.

நான்தான்.

பத்தொன்பது நாளாக ஓடியது.
ஓராண்டு எம்ஆர்டி அட்டைத் தட்டல்கள்,
என் முதுகலை ஆய்வு, எண்பத்தேழு சதவீதம்.
ஆறு மணிக்கொருதரம் சேமியுங்கள் என்று
எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்புகிறவள் நான், தடித்த எழுத்தில்.
என்னுடையது கடைசியாகச் சேமித்தது செவ்வாய்க்கிழமை.
இன்று திங்கள்.

திட்ட வாயெடுத்தேன். யாரை?
அதற்குள் ஃபரிஸாவின் எண்கள்
கதவு திறந்த பேருந்தில் ஏறுவதுபோல் ஏறிவிட்டன.
ஓரத்துச் சந்துகளில்
இரண்டு சின்ன வேலைகள், யாருடையவோ,
உடம்பை ஒடுக்கிக்கொண்டு நுழைந்தன.

ஐந்து ஐம்பத்திரண்டுக்கு முடிந்தது.
அடுத்தவர் விடையைப் பார்க்கக் கூடாது.
கடைசி வரியை மட்டும் பார்த்தேன்.
புளோக் எண்ணைச் சொல்ல மாட்டேன்;
நான்காம் மாடி, பதினேழு கொசு.
என் துணிக்கொடியிலிருந்து தெரியும் மாடி.

என் வேலையை மறுபடி கொடுத்தேன்.
எழுபத்தோராவது.

கீழே கடை திறந்திருந்தது.
தே-ஓ கோசோங் ஒன்று.
காலி அங்காடி, ஆனாலும் விசிறிக்குக் கீழிருந்த மேசையில்
யாருடையதோ ஒரு பொட்டலம்.
அதிலிருந்து ஒரு தாளை உருவிக்
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
அங்கேயே உட்கார்ந்தேன்.