கழுவிய பணம்

மன்ரோவியா, வாட்டர்சைடு சந்தை.
பணம் மாற்றிப் பிழைக்கிறேன்.
அடுத்தவர் கை பட்ட டாலர்களைக்
குளோரினில் முக்கி
கொடியில் கிளிப் மாட்டிக் காயவைக்கிறேன்;
அதிலிருக்கும் முகங்களெல்லாம் வெளுத்துவிட்டன.

டாக்சியில் ஒருத்தி தும்மினாள்.
நான்கு கண்ணாடிகளும் ஒன்றாக இறங்கின.
பாதி வழியிலேயே இறங்கி நடந்தேன்.
கெசெலி நீட்டிய கைக்கு
முழங்கையைக் காட்டினேன்.

இரவு டோக்பாவின் நெற்றி கொதித்தது.
"மலேரியாதான்" என்றேன்,
யாரும் கேட்காதபோதே.
கையுறை ஆணியில் தொங்கியது.
பெற்ற பிள்ளையைத் தொட உறையா?
வாந்தியை வெறுங்கையால் வழித்தேன்,
அதே கையால்
அவன் உதட்டை நனைத்தேன்.

உதவி எண் கதவில் ஒட்டியிருக்கிறது.
எனக்கு மனப்பாடம்.

விடிந்துவிட்டது. காய்ச்சல் இறங்கவில்லை.
வாசலில் உட்கார்ந்து
நேற்றைய நோட்டுகளைக் கழுவுகிறேன்,
குளோரினைக்
கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றி.