இரண்டாம் நாள் கரண்டி

மலை முழுக்க நனைந்து கிடக்கிறது.
சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக்கொடி சொட்டுகிறது.
மூன்று நாளாய் ஒரு துணி காயவில்லை.
இந்த ஊரில்
உன் கண் மட்டும் எப்படியடா காய்ந்தது, தீர்த்தகிரி?

வெள்ளைவிழி ஓரம் சோப்பு நுரை மாதிரி ஒரு புள்ளி.
கோழி அடையும் நேரத்துக்கு
வாசற்படி தெரியாமல் விழுகிறான் என்கிறாள் அக்காக்காரி.
மணல்வாரி இறங்கிப் பன்னிரண்டு நாள்.
இருந்த கொஞ்சத்தையும் அது வழித்துக்கொண்டு போயிருக்கிறது.

நேற்று ஒரு கரண்டி கொடுத்தேன், மஞ்சள் எண்ணெய்.
"ஊசி இல்லையா? இத்தனூண்டு எண்ணெய்க்கா மலையேறி வந்தே?"
என்றாள் வெள்ளச்சி.
ஈரல் சிக்கனக்காரி, என்றேன்.
கிடைத்ததை முந்தானையில் முடிந்துகொள்வாள்,
கேட்கிறபோது கிள்ளிக் கொடுப்பாள்.
"அப்ப அதும் பொம்பளைதான்."

அம்மை கண்ட பிள்ளைக்கு மறுநாளும் ஒன்று உண்டு.
இன்று வந்தால் கதவில் பூட்டு.
காப்பிப்பழம் பறிக்கப் போயிருக்கிறார்கள்.
எந்த எஸ்டேட் என்று பனியிடம்தான் கேட்கவேண்டும்.

நடக்கிறேன்.
சேலத்தில் பயிற்சியின்போது படம் போட்டுக் காட்டியது நினைவில் வருகிறது:
கண், தொண்டை, குடல், எல்லாம் உள்சுவர்.
ஈரம் இருக்கும்வரை கிருமிக்கு வழுக்கும்.
வைட்டமின் ஏ வற்றினால் சுவர் தோலாய்த் தடித்து வெடிக்கும்,
வெடிப்பில் பேதி குடிவரும், நிமோனியா குடிவரும்.

இன்னொன்றும் சொன்னார்கள்.
வெள்ளை அணுவுக்கு ஊர்ப்பலகை மாட்டி விடுவதும் இதுதானாம்,
'குடல்' என்று எழுதி.
பலகையில்லாத பஸ்ஸை எனக்குத் தெரியும்.
ஐந்து ரோடு, குரங்குச்சாவடி, ஜங்ஷன் எனச் சுற்றும்,
ஆள் நிற்கிற இடத்தில் மட்டும் நிற்காது.

மூன்றாவது எஸ்டேட்டில் அகப்பட்டான்.
சாக்கின்மேல் உட்கார்ந்து பழத்தைச் சப்பிக்கொண்டிருந்தவன்
என்னைப் பார்த்ததும் இரு கையாலும் வாயைப் பொத்தினான்.
"மூக்கப் புடிக்கட்டுமா?"
வேண்டாம் என்றேன்.
அக்காக்காரி கரண்டியை வாங்கித்
தான் குடிக்கப்போவதாய்ப் போக்குக் காட்டினாள்.
கை விலகியது.

மாசக் கடைசியில் இன்னொன்று பாக்கி.
பதிவேட்டில் எழுதிக்கொண்டேன், மை கலங்கியது.

இருபதாவது வளைவில் பஸ் திரும்புகிறது.
விரலில் இன்னும் எண்ணெய்ப் பிசுக்கு.
குளிருக்கு மூக்கு ஒழுகுகிறது.
கைக்குட்டையை எடுத்தவள்
கொஞ்ச நேரம் சும்மா வைத்திருந்தேன்.
காவலில் நிற்கிறதே,
அவசரப்பட்டு என்ன துடைக்க.