ஆகக் குறைந்த வேகம்

முப்பதாயிரம் சுற்று என்கிறார்
கன்னாதிட்டிக் கடைக்கார அமிர்தசீலன்.
நிமிஷத்துக்கு.
பெட்டியிலும் அதைத்தான் பெரிதாய் அடித்திருக்கிறது.

செருப்பைக் கழற்றிவிட்டு
பெடலில் பெருவிரலை மட்டும் வைக்கிறேன்.
முதலில் ஒன்றுமில்லை. பிறகு
உருவந்ததுபோல் ஒரே பாய்ச்சல்,
கறுத்த வளைகுழல் மேசையில் துள்ளுகிறது.

‘ஆகக் குறைய எவ்வளவு மெதுவாச் சுத்தும்?’

இப்படி ஒருத்தரும் கேட்டதில்லையாம்.
ஒருத்தருக்கும் போன மாதம்
துளையிடும்போது முத்து கருகியிருக்காது,
மயிர் பொசுங்கிய மணம்
மூன்று நாள் விரலில் நின்றிருக்காது.

மேல்தட்டிலிருந்து இன்னொன்று இறங்குகிறது.
பெட்டி இல்லை. கொளுக்கியில் கறள்.
ஊசிமுனையை என் நகத்தில் வைத்து மிதிக்கிறேன்
வெற்றிலையில் சுண்ணாம்பு தடவும் வேகம்.
இன்னும் அழுத்துகிறேன்,
நிற்கவில்லை.
நகத்தில் கொஞ்சம் வெள்ளை மா.

சீட்டுக்காசு முழுவதும் போய்
மேலே எண்ணூறு கடன்.

வேலைமேசையும் கட்டிலும் ஒரே அறை.
மோட்டரைத் தொங்கவிட
வளையில் இருந்தது ஒரே ஆணி,
நுளம்புவலையின் நாலாவது மூலை.

இரவு முழுக்கக் காதுக்குள்
வேறொரு மோட்டர்.
அதற்குப் பெடல் இல்லை.