மூன்றாம் மாடி, நாவலப்பிட்டி

சித்திரையில் ஒன்று, ஆடியில் ஒன்று,
ஐப்பசியில் பதிவுத் தபாலில் ஒன்று.
பஸ் நிலையத்துக்குக் கீழே கான் அடைத்திருக்கிறதென்று
நகரசபைக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

கார்த்திகையில் மகாவலி வந்து
நேரில் சொல்லிவிட்டுப் போனது.

தையல் மெஷினைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்,
இன்னும் சேறு சொட்டுகிறது.
பள்ளிக்கூடச் சட்டைகள் பதினெட்டு,
எல்லாம் சாயத்தண்ணி நிறம்.
அளவு கொடுத்தவர்களில் லோஜிதாவின் பெயர் மட்டும்
முகாம் பட்டியலில் இல்லை.

கருமபீடத்தில் கேட்டார்கள்:
"முறைப்பாடு கொடுத்ததற்கு ஆதாரம்?"
என் பிரதிகள் ஆற்றோடு போய்விட்டன,
உங்கள் கோப்பில் பாருங்கள் என்றேன்.

அந்தக் கோப்பும் வெள்ளத்தில் நனைந்துவிட்டதாம்.
புதிதாக எழுதித் தரச் சொல்லி
சிங்களப் படிவம் ஒன்றை நீட்டினார்கள்.

அலுவலகம் மூன்றாம் மாடியில்.
படிகள் அறுபத்திரண்டு, எண்ணித்தான் ஏறினேன்.
அந்தத் தரையில் முதல் சேறு
என் செருப்பிலிருந்து விழுந்ததுதான்.