நவம்பர் முப்பது வரை

பிறக்கும்போதே சாகும் தேதி குறித்த குழு.
ஏழு பேர், பதினான்கு மாதம், ஒரே கேள்வி:
ஆம்புலன்ஸ் ஏன் வருவதில்லை?

நான் அதன் எழுத்தர்.
பெயர்ப்பலகைகளைச் செருப்புப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு
வடக்கு டகோட்டாவின் வளையாத சாலைகளில்
ஊர் ஊராகப் போகிறேன்.

இன்று ஹெல்வர்ட், பள்ளி உடற்பயிற்சிக் கூடம்.
கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே
தலைவர் ட்வைட். காது கொஞ்சம் மந்தம்.
காப்பிக் கலம் நடுநடுவே ஏப்பம் விடுகிறது,
அதைப் பதிவில் சேர்ப்பதில்லை.

முதலில் புள்ளிவிவரம் வந்தது, கோட்டு சூட்டுடன்.
சராசரி நாற்பத்தோரு நிமிடம் என்றது.
சராசரிக்கு எப்போதாவது நெஞ்சு வலித்திருக்கிறதா
என்று கேட்டார் உறுப்பினர் டெல்ஃபீன் அஷூர்.
'சிரிப்பு' என்று தட்டினேன்.

பிறகு லோர்னா ஷ்மால்ட்ஸ்.
சூரியகாந்தி விதைக் கிடங்கில் எடை போடுபவள்,
இருபத்திரண்டு வருடம் சம்பளமில்லாமல்
அந்த வண்டியை ஓட்டியவள்.
மூன்று நிமிடம் தந்தார்கள். பச்சை விளக்கு.

"அன்றைக்கு அழைப்பு என் வீட்டு முகவரிக்கே வந்தது.
வண்டி வாசலில்தான் நின்றது.
கூட வர ஆள் இல்லை.
ஓட்டுவதா, அவர் நெஞ்சை அழுத்துவதா?"

அவ்வளவுதான்.
இன்னும் இரண்டு நிமிடம் அவள் கணக்கில் பாக்கி.
அவளும் எடுத்துக்கொள்ளவில்லை,
யாரும் திருப்பிக் கேட்கவுமில்லை.
விளக்கு பச்சையாகவே எரிந்தது.

மௌனத்துக்கு என் கருவியில் விசை கிடையாது.
அவள் முடித்த நேரத்தைக் குறித்தேன்,
தலைவர் "நன்றி" சொன்ன நேரத்தையும்.
கழித்துப் பார்ப்பவருக்குப் புரியும்.

அறிக்கை அறுபத்தாறு பக்கம்.
வரைவு மசோதா ஒன்று, நாலுக்கு மூன்றில் தப்பியது.
மற்றதெல்லாம் 'மேலும் ஆராயப்பட வேண்டும்'.
கிணற்றில் போட்ட கல் என்பார்கள்.
தண்ணீர்ச் சத்தமாவது கேட்குமா என்று
நான் கொஞ்ச நாள் காத்திருந்தேன்.

நள்ளிரவில் குழு தன் தேதிக்குச் செத்தது.
ஏழு பெயர்களும் செருப்புப் பெட்டிக்குத் திரும்பின.

டிசம்பர் நான்காம் தேதி தொலைபேசியில் ட்வைட்.
"ஹெல்வர்டில் செவ்வாய்தோறும் முதலுதவி வகுப்பாமே,
எத்தனை மணிக்கு?"

குழு கலைந்துவிட்டதே, ஐயா.

"என்னது?"

கலைந்துவிட்டது என்றேன், உரக்க.

"அது தெரியும்.
காது மந்தமானவனைச் சேர்த்துக்கொள்வார்களா?"

என் விரல்கள் மேசைமேல்
தாமாகவே விசைகளைத் தேடின.